புனலுக்குள் வைத்த சந்தனம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அறையில் உப்பு டப்பாவைக் கவிழ்த்தால் உப்பு விழாது. அரிசி போட்டுப் பார்த்தாயிற்று, கட்டிக்கொண்டுதான் கிடக்கிறது. கோயம்புத்தூரில் கொட்டுகிற உப்பை இங்கே கத்தியால் கீற வேண்டியிருக்கிறது. காற்றில் அவ்வளவு ஈரம். அந்த ஈரத்தை ஆகாயத்திலிருந்து அளக்கப்போகும் கருவிக்கு, எட்டாவதோடு பள்ளியை விட்ட நான் பாகம் கடைந்து கொடுக்கிறேன் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்?

ரேடியோமீட்டர் என்று பெயர். செயற்கைக்கோளில் ஏறப்போவதற்கு முன்மாதிரி. காற்றிலுள்ள நீராவி வெளிவிடும் மிக மெல்லிய நுண்ணலையை ஓர் அலுமினியப் புனல் வாங்கிக்கொள்ளும். அதை வைத்து ஈரத்தைக் கணக்கிடுவார்கள். பெட்டாலிங் ஜெயா பட்டறையில் அந்தப் புனலைக் கடைந்தவன் நான். கருவியை வடிவமைத்தவர் சிவா. இங்கேயே பிறந்த இஞ்சினியர், என்னைவிட இளையவர்.

ஊரில் ஆயுத பூஜையன்று பொட்டில்லாத சாமான் பட்டறையில் இருக்காது. எண்ணெய் டப்பாவுக்குக்கூட உண்டு. இங்கே வந்த முதல் வருடம், கேலி பண்ணுவார்களோ என்று பயம். லேத்துக்கு வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும். தீக்குச்சி நுனியில் சந்தனம் தொட்டு, புனலின் குறுகிய கழுத்துக்குள் வைத்தேன். மறுநாள் துடைத்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் புனலைக் கருவியில் மாட்டிவிட்டார்கள்.

அப்புறம்தான் தலைவலி. ஏசி அறையில் ஒழுங்காக இருந்த கருவி, மொட்டைமாடிக்குப் போனதும், பலூன் விட்டு அளந்ததைவிட ஈரத்தைக் கூட்டிக் காட்டியது. சிவா உள்ளிருந்த பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினார். வாரங்கள் ஓடின. திட்டம் நின்றால் என் வேலை பெர்மிட்டும் போகும். வாயைத் திறந்தாலும் போகும் என்று தோன்றியது. சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

“சார், புனலுக்குள்ள ஏதாச்சும் இருக்குமோ?”

“உங்க கடைசல் பெர்பெக்ட் அண்ணே. எப்பப் பாத்தாலும் வொரி! போய் ஒரு தே தாரேக் குடிங்க லா.”

எப்போதும் கவலைப்படுகிறவன் உண்மையைச் சொன்னாலும் கவலையாகத்தான் கேட்கிறது. எரிச்சல் வந்தது. அவர் மேலா, என் மேலா, தெரியவில்லை. புனலின் வடிவமே தப்பு, முதலிலிருந்து போடணும் என்று அவர் வரைபடத்தைச் சுருட்டி எறிந்த அன்று, சொல்லிவிட்டேன்.

புனலைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ந்த சந்தனம் மாடிக் காற்றில் ஈரம் குடித்து ஊறியிருந்தது. அந்த ஈரத்தையும் கருவி காற்றின் கணக்கில் சேர்த்திருக்கிறது.

“உங்க சாமி கேஎல் முழுக்கத் தண்ணிய ஏத்திட்டாரு அண்ணே! இத்தனை வாரம்! ஏன் சொல்லல?”

“பெர்மிட் போயிடும்னு பயம் சார்.”

“என் டிசைன் போயிருந்தா பெர்மிட் மட்டும் நிக்குமா?”

ஸ்பிரிட்டில் துடைத்து மாடிக்குக் கொண்டுபோனோம். பலூன் கணக்கோடு ஒத்துப்போனது. என் பெர்மிட் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், சிரிக்காமல்.

“அடுத்த பூஜைக்கு லேத்துக்கு வச்சுக்குங்க. புனல் பக்கம் வராதீங்க.”

இந்த வருடம் அப்படியே செய்தேன். யாரும் கேலி பண்ணவில்லை. இங்கே கம்பெனி லேத்துக்கு நான் பொட்டு வைத்த அந்தக் காலையில், ஊரில் நான் விட்டுவந்த என் லேத்துக்கு மைத்துனன் வைத்திருப்பான்.