பதினைந்து ஊசி

காசிமேட்டில் கிழிந்த வலையைத் தைப்பதில் பொன்னுரங்கத்துக்கு ஈடு கிடையாது. பேச்சு மட்டும் அவருக்கு வராது. எந்த ஆபீசுக்குப் போனாலும் கேட்டதற்குத் தலையாட்டுவார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். அறுபது வயது வரை அதனால் பெரிய கேடு எதுவும் வந்துவிடவில்லை.

வர்தா புயலுக்கு மறுநாள் படகுக்கடியில் கிடைத்த குட்டிக்குப் புயலின் பெயரையே வைத்தார். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த நாய்தான் பிள்ளை. போன மாதம் வர்தாவுக்குப் பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. மனைவி செல்லம்மா மாத்தூரில் ஒரு நாய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். முதுகில் பதினைந்து மெல்லிய ஊசி குத்தி அரை மணி நேரம் விடவேண்டும், வாரம் ஒருமுறை செய்தால் நடக்க வாய்ப்புண்டு என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. அதற்கு அக்குபங்சர் என்று பேர்.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்துச் செல்லம்மாவுக்குக் காய்ச்சல்.

"நீயே இட்டுனு போ. அந்தப் பேரு உன் வாய்ல நொழையாது. ஊசி போட வந்துகீறோம்னு சொல்லு, போதும்."

போதும் என்றாளே, பாவி. நடக்காத நாயைத் தூக்கிவந்து ஊசி போடு என்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொள்வார்கள். அதை அவளுக்கு யார் சொல்வது?

டாக்டரம்மா அன்று லீவு. புதிதாக வந்த டாக்டர் ஒருவர் இருந்தார். சொல்லிக்கொடுத்தபடியே பொன்னுரங்கம் சொன்னார்.

"எத்தனை நாளா நடக்கல?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு மாசமாவுது சார். மூத்திரம்கூட படுத்த எடத்துலதான்."

"வீட்ல எல்லாருக்கும் சம்மதமா?"

"பொஞ்சாதிதான் அனுப்சா."

டாக்டர் அவர் தோளைத் தொட்டார். "கஷ்டமான முடிவுதான். ஆனா இனிமே அதுக்கு வலியே இருக்காது."

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வலி போனால் போதும் சாமி. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

தலையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வர்தா அவர் கையை நக்கியது. வலை நாற்றம் அதற்குப் பிடிக்கும். முன்னங்காலில் மயிரைச் சிரைத்தார்கள். முதுகில் அல்லவா என்று கேட்க வாயெடுத்தார். படித்தவர்களுக்குத் தெரியாதா என்று வாயை மூடிக்கொண்டார். கிழிந்ததை ஊசிதான் சேர்க்கும், அது அவருக்கும் தெரியும்.

ஊசி இறங்கியது. கையை நக்கிக்கொண்டிருந்த நாக்கு நின்றது. டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார்.

பொன்னுரங்கம் மடியை அசைக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் பதினாலு கீதே சார்," என்றார். "அத்த எப்ப போடுவீங்க?"