சத்தம் வராத வீடியோ

மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு ஆங்கிலம் பேசவே கூச்சம். இலக்கணம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேச வாயெடுத்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலில் வேலை பார்த்த பள்ளியில் அவர் உச்சரிப்பைக் கேட்டு மற்ற ஆசிரியர்கள் சிரித்தது மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இணைய வீடியோக்களைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் கடைக்கு மேலிருந்த அறையில், சுவரில் விழும் படத்தில் யாராவது கடைக்காரரிடம் பேசுவார்கள், டாக்டரிடம் பேசுவார்கள். டீச்சர் நிறுத்துவார், வகுப்பு திருப்பிச் சொல்லும். அவர் பாடு நிம்மதி.

படிக்க வந்தவர்கள் எல்லோரும் வேலை முடித்து வரும் பெரியவர்கள். அதில் ஒரு தம்பதி. மனைவிக்கு மருத்துவமனையில் துணி வெளுக்கும் வேலை. வார்டு உதவியாளராக மாற ஆங்கிலம் வேண்டியிருந்தது. பஸ் மெக்கானிக்கான கணவர் துணைக்கு வந்தவர். "வெளியில நின்னு என்ன பண்ணப் போறீங்க, உள்ள வாங்க" என்று டீச்சர்தான் உட்கார வைத்தார். இருவரும் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். சண்டையெல்லாம் இல்லை. பேசுவதற்கு விஷயம் தீர்ந்துபோன மாதிரி, அவ்வளவுதான்.

ஒரு நாள் ஸ்பீக்கர் மக்கர் செய்தது. சமையலறையில் ஒரு கணவனும் மனைவியும் வாயசைத்தார்கள், சத்தம் வரவில்லை. டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் அந்தத் தம்பதியைக் கைகாட்டி, "இவங்க என்ன பேசிக்கிறாங்கன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மா சுவரைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். "யூ கம். யூ ஈட். யூ ஸ்லீப்."

வகுப்பு சிரித்தது.

"யூ நோ ஆஸ்க் மீ, டயர்டா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சும்மா சொல்லுங்கண்ணே" என்றாள் துணிக்கடையில் வேலை செய்யும் பெண்.

"ஐ சீ," என்றார் அவர் மெதுவாக. "எவ்ரி டே ஐ சீ யுவர் ஹேண்ட். ரெட். ஐ நோ நோ... ஹவ் ஆஸ்க்."

அந்த அம்மா கைகளை மடியில் மறைத்துக்கொண்டார். திருத்தங்கள் டீச்சரின் வாய்வரை வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "தட் வாஸ் வெரி குட் இங்கிலீஷ்" என்றார், தன் உச்சரிப்பிலேயே. யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பு கலைந்ததும் மெக்கானிக் தயங்கி நின்றார். "களைப்பா இருக்கான்னு இங்கிலீஷ்ல சரியா எப்படிக் கேக்கணும், டீச்சர்?"

"நம்ம பாஷையிலேயே கேக்கலாமே."

"நம்ம பாஷையில கேட்டா, என்ன தப்பு பண்ணிட்டு வந்தீங்கன்னு கேப்பா."

டீச்சர் சிரித்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். மெக்கானிக் அதை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

ஸ்பீக்கர் சரியான பிறகும் டீச்சர் முதலில் சத்தமில்லாமல்தான் வீடியோவைப் போட்டார். வகுப்பு பேசும், பிறகு அவர் பேசிக்காட்டுவார், படத்தில் இருப்பவர்களின் முறை கடைசியில்தான். அந்த அம்மாவுக்கு வார்டு வேலை கிடைத்து வகுப்புக்கு வருவது நின்றது. மெக்கானிக் மட்டும் தொடர்ந்து வந்தார். வீட்டில் அவருக்கு இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருந்ததாம்.