ஜெனரல் பிடித்துக்கொண்ட சைக்கிள்

மகனின் சைக்கிளில் விழாமல் தாங்கும் உதவிச் சில்லுகளைக் கழற்றலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று இந்தக் கோடை முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் கெஞ்சும்போதெல்லாம் அப்பாவின் பழைய சைக்கிளும் ஓர் அமெரிக்க ஜெனரலும் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பா பிராங்பேர்ட்டுக்கு வெளியே, ஓர் அமெரிக்க இராணுவ முகாமின் சமையலறையில் வேலை செய்தார். மற்ற வேலையாட்கள் வாசலில் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போவார்கள். அப்பா மட்டும் காவலுக்கு நிற்கும் சிப்பாயைக் கண்டதும் தூரத்திலேயே இறங்கி, தொப்பியைக் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பார். ஒரு தடவையாவது அவர் இறங்காமல் போகவேண்டும் என்பதுதான் அந்த ஏழு வயதில் என் பெரிய ஆசை.

ஜெனரல் ஓய்வுபெற்ற நாளில் சமையலறை ஆட்களின் பிள்ளைகளையும் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். நான் கரியரில் இருந்தேன். அன்றும் அப்பா இறங்கினார்.

"இண்டைக்காவது ஏறிப் போவமே அப்பா."

"திரும்பி வரேக்க பாப்பம்."

"எப்பவும் இதைத்தான் சொல்லுறியள்."

விழாவில் ஜெனரலின் வாழ்க்கையை வாசித்தார்கள். ஒருவர் அதை ஜெர்மனிலும் சொன்னார். பண்ணைக்காரர் ஒருவரின் மகன். பள்ளி முடித்த கையோடு படையில் சேர்ந்து, சாதாரணச் சிப்பாயாக முதலில் வந்து காவல் நின்றது இதே முகாமின் வாசலில். பிறகு படிப்பு, பதவி உயர்வுகள், இரண்டு போர்கள், வேறு நாட்டு வீதிகளில் சோதனைச் சாவடிகள், காலில் ஒரு காயம், தோளில் நட்சத்திரங்கள். கடைசியில் இதே முகாமுக்குத் தளபதி. எனக்கு விளங்கிய அளவில், வாசலில் நின்றவர் அந்த வாசலுக்கே முதலாளியாகிவிட்டார். அவருடைய கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

திரும்பும்போதும் அப்பா உருட்டத்தான் தொடங்கினார். பின்னால் ஜெனரல் லேசாக நொண்டியபடி தனியே வந்தார். வாசலைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்திருக்கவேண்டும். சில்லில் காற்றுப் போய்விட்டதா என்று ஜெர்மனில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் நான்தான் அவருடைய வாய்.

"சொல்லு பிள்ளை, எங்கட ஊரில ஆமி நிண்டா இறங்கித்தான் போகோணும் எண்டு."

போர் நடந்த எங்கள் ஊரில் இராணுவம் நிற்கும் இடத்தில் எல்லோரும் இறங்கி உருட்டித்தான் போகவேண்டும் என்று ஜெர்மனில் சொன்னேன். நல்ல மரியாதை என்று மெச்சுவார் என எதிர்பார்த்தேன். ஜெனரல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தானும் இப்படி ஆட்களை இறக்கி நடக்கவிட்டிருப்பதாக மெதுவாகச் சொன்னார். பிறகு, இங்கே அது வேண்டாம், ஏறுங்கள் என்று குனிந்து, சைக்கிள் சரியாமல் நான் இருந்த கரியரைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா ஏறினார். ஹாண்டில் ஆடியது.

"நேராப் பிடியுங்கோ அப்பா!"

"நேராத்தானே பிள்ளை பிடிக்கிறன்!"

வாசலில் நின்ற சிப்பாய் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அது எங்களுக்குப் பின்னால் நின்ற ஜெனரலுக்கு என்று தெரியாமல், நானும் கையை உயர்த்தித் திருப்பி அடித்தேன்.

வளைவு தாண்டியதும் அப்பா சைக்கிளை நிறுத்தினார். குளிர்காற்றிலும் அவருக்கு முகம் வேர்த்திருந்தது. ஆனால் சிரித்தார்.

"பாத்தியா, ஒருத்தனும் ஒண்டும் சொல்லேல்ல!"

சைக்கிளில் போகிற ஒரு மனிதரை யார்தான் என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.