மூன்று வீட்டு நெல்

தேவராசா அண்ணை போய்விட்டார் என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்களோடு வந்தது. நான் குடியிருக்கும் ரோவிலில் பால் வாங்கப் போனவன், கடை வாசலிலேயே நின்று படித்தேன். "புதிய நெல்லினங்களைக் கண்டுபிடித்த விஞ்ஞானி" என்று போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்திருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார். "நான் ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை. அந்தப் பெண்டுகள் வைச்சிருந்ததை எழுதினனான்" என்பதுதான் அவர் எல்லா மேடையிலும் சொன்னது.

சிட்னிப் பரமட்டாவில் அவரைக் கண்ட குழுவினர் உங்களுக்கு அவர் ஓய்வுபெற்ற ஒரு அங்கிள். எனக்கு, லாவோஸ் மலைகளில் ஆறு வருடம் கூட வேலை செய்தவர். அங்கே சரிவில் காட்டை வெட்டி எரித்து, கம்பால் குழி குத்தி, வீட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் விதைப்பார்கள். அவித்தால் கையில் ஒட்டும் நெல்தான் எல்லாம். நாங்கள் விதை சேகரிக்கப் போனவர்கள். ஒரு கிராமத்தில் ஒரு பெண் தன் விதைக்கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளித் தந்தார். மற்ற நெல்லுக்கு முன்னமே முற்றுகிற இனம் அது. எங்கள் படிவத்தில் விளைச்சலுக்குத்தான் கட்டம் இருந்தது. அண்ணை அதை வெறுமையாக விட்டு, ஓரத்தில் "பழைய நெல் முடிந்து புது நெல் வருமுன் சாப்பிட" என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

விதைக் களஞ்சியம் என் பொறுப்பு. இடம் போதவில்லை. அந்தப் பெண்ணின் வீடு உட்பட அந்தக் கிராமத்தின் மூன்று வீட்டுப் பைகளிலும் ஒரே பெயர், ஒரே நிறம். எல்லாம் ஒன்றுதான் என்று நானே முடிவெடுத்து ஒரு தகரப் பேணியில் கொட்டினேன். அண்ணை வந்து பார்த்தார். "மூண்டு வீட்டுச் சாப்பாட்டை ஒரு பேணிக்குள்ள கொட்டிப்போட்டாய்" என்றார்.

இரண்டு வருடம் கழித்து எலி பெருகி அந்தக் கிராமத்து விதையைத் தின்றுவிட்டது. அந்தப் பெண் மலையிறங்கி வந்து தன் நெல்லைக் கேட்டார். என் கலவையைத்தான் கொடுத்தோம். அடுத்த பருவம் அண்ணை போய்ப் பார்த்தார். ஒரே வயலில் சில கதிர்கள் முற்றி உதிர்ந்து கிடக்க, மற்றவை பச்சையாக நின்றனவாம். முன்னே விளைந்த கொஞ்சத்தையும் குருவி தின்றிருந்தது. அந்த வீட்டார் இரண்டு மாதம் காட்டுக் கிழங்கு தோண்டிச் சாப்பிட்டார்கள். "விதை திருப்பி வழங்கப்பட்டது" என்று நான் அறிக்கை எழுதினேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அந்தப் பதவியைக் காட்டித்தான் இந்த நாட்டுக்கு விண்ணப்பித்தேன்.

போன மாதம் அவரைப் பார்க்கச் சிட்னி மருத்துவமனைக்குப் போனேன். "அண்ணை, அந்த நெல் விசயத்தில என்னை மன்னிச்சுப்போடுங்கோ" என்றேன். இத்தனை வருடம் தள்ளிப்போட்ட பேச்சு.

அவர் கண்ணை மூடிக்கொண்டே, "என்னட்டக் கேட்டு என்ன? அந்த நெல்லை நம்பி இருந்தது நானில்லை. அவவிட்டக் கேள்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. சாகக் கிடக்கிறவர் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். இன்று அந்த மறுப்பு ஒன்றுதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. ஆறுதல் சொல்லி அதையும் யாரும் எடுத்துவிட வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயரை நான் மறந்துவிட்டேன். அண்ணைக்குத் தெரிந்திருந்தது. கட்டிலருகே ஒரு மணிநேரம் இருந்தும், கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலே வந்துவிட்டேன்.