பால் காய்ச்சிய ஃபோம் வண்டி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஆறாம் வகுப்போடு தேயிலைக் காட்டுக்கு வந்தவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலையே பார்க்காத என் மனைவியை லுமுட் கடற்கரைக்குக் கூட்டிப் போக, காருக்குப் பின்னால் இழுக்கும் படுக்கை வண்டி ஒன்று செய்தேன். வெள்ளை ஃபோம் பலகைகளை மரப்பசையால் ஒட்டி, மேலே கித்தான் போர்த்திச் சாயம் அடித்தேன்.

புறப்படும் காலையில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவள் கிளம்பவில்லை.

"பழம் லோரிக்கு வைக்கிறதுங்க. நாம படுக்கிற இடம் வீடுலா. பால் காய்ச்சாத வீட்டுல நான் தூங்க மாட்டேன்."

எனக்கு எது சரி என்று புரியவில்லை. கோயில் பூசாரியிடம் ஓடினேன்.

"சக்கரம் இருந்தா வண்டி, படுக்கை இருந்தா வீடு. ரெண்டையும் செஞ்சிடுப்பா," என்று சிரித்தார்.

வண்டிக்குள் கேஸ் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினோம். பால் பொங்கி வழிந்தபோது, அடுப்புக்குப் பின்னால் சுவர் உருகி உள்ளங்கை அளவுக்குக் குழிந்துவிட்டது. ஃபோம் சூடு தாங்காது என்று அதை ஒட்டிய எனக்கே தோன்றவில்லை. பயணம் போச்சு என்று நின்றேன்.

அவள் குழியைத் தடவிப் பார்த்தாள்.

"நம்ம தோட்டத்து லயத்து வீட்டுச் சுவருலயும் அடுப்பு பட்ட அடையாளம் இருக்குதானே," என்று சொல்லித் தலையணைகளை உள்ளே போட்டாள்.

லுமுட்டில் வண்டிக்கு முன்னால் கோலம் போட்டாள். திரும்பும்போது வண்டி நகர்ந்தது, கோலம் மட்டும் அங்கேயே கிடந்தது. நான் இழுத்து வந்தது வண்டியா வீடா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வருடத் தைப்பூசத்துக்கு மறுநாள் எழுதினேன்.