விலையில்லாத தார்

எங்கள் மாடியில் குடியிருக்கும் அனுசுயா அக்காவுக்கு ஒரே ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும். தில்லைநகரில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவாள். பிடித்த கம்பிக்கே அலுத்துப் போயிருக்கும்.

அவளுடைய ஞாயிறுகளையெல்லாம் தின்றது பிச்சமுத்துவின் வாழை மண்டி. மண்டிக் கணக்குக்கு அவள் எழுதிய புரோகிராமைச் சோதிக்க அன்றுதான் அவருக்கு ஒழியும். அவர் ‘சரி’ என்று சொல்லிவிட்டால் விடுதலை.

“ஸ்ட்ரக்ட்னு போன்ல கத்துறியே, என்னக்கா அது?” என்று படியில் மறித்துக் கேட்டேன்.

“வாழைத்தார் மாதிரிடா. சீப்பு சீப்பா இருக்கும், ஆனா ஒரே காம்பு. ரகம், எடை, விவசாயி பேரு, விலை எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்து ‘தார்’னு பேரு வச்சிருக்கேன். விலை போடாம எதுவும் பதிவாகாது. யாரும் மறந்துடக் கூடாதுல்ல? வழிய விடு, பஸ் போயிடும்.”

அந்த ஞாயிறு, சோதனை முதல் தாரிலேயே மாட்டிக்கொண்டது. முதல் தாரை அந்த மண்டியில் விற்பதில்லை, அது பிள்ளையாருக்கு.

“என்ன பாப்பா, விலை கேக்குது?” என்றார் பிச்சமுத்து.

“ஒரு ரூபா போட்டுடுங்கண்ணே.”

“பிள்ளையார்கிட்ட ஒரு ரூபா வசூல் பண்ணச் சொல்றியா?”

“அப்ப சைபர் போடுங்க.”

“ஒண்ணும் பெறாததையா சாமிக்குக் குடுக்குறேன்?”

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கவிழ்த்த பிளாஸ்டிக் கிரேட் பெட்டி மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். தாருக்குள் ‘விற்பனையா, காணிக்கையா’ என்று புதிதாக ஒரு கட்டம் வைத்தாள். காணிக்கை என்றால் விலை இல்லாமலே இருக்கலாம். தாரை மாற்றியது ஒரு நிமிட வேலை. ஆனால் விலையை நம்பியிருந்த ரசீது, கமிஷன், நாள் மொத்தம் எல்லாமே பிழை என்று சிவப்பாகக் கத்தின. ஒவ்வொன்றாகச் சமாதானப்படுத்துவதற்குள் மண்டியைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

பிச்சமுத்து ‘காணிக்கை’ என்று தொட்டார். விலைக் கட்டமே காணாமல் போனது. தார் பதிவானது.

“இப்ப சரிம்மா,” என்று ஒரு சீப்பு பூவன் பழத்தை நீட்டினார்.

“அடுத்த வாரம் வரணுமாண்ணே?”

“எதுக்கு?”

அந்த ‘எதுக்கு’வை மட்டும் படியில் என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். பழத்தையும் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

மாடி பெல்லை அழுத்திவிட்டு ஓடுவது எங்கள் காம்பவுண்டில் ஒருத்தனுக்குப் பொழுதுபோக்கு. அடுத்த ஞாயிறு பால்காரர் அழுத்து அழுத்தென்று அழுத்தியும் சத்தமே வரவில்லை. எவனோ ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறான். யாரென்று என்னைக் கேட்காதீர்கள். பாலை நாங்கள்தான் வாங்கிக் காய்ச்சி வைத்தோம். மதியம் வரை மேலே கதவு திறக்கவில்லை.