இந்த வாரம் எந்தத் தோப்பு

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எனக்குப் பரீட்சை. பரீட்சை பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும் என்று மற்றப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தோப்பிலும் நடந்தது.

என் பெரியப்பா திருப்பூரில் ஒரு சலவைப் பட்டறையில் வேலை பார்த்தார். பனியன் துணியைத் தொட்டியில் போட்டு, பவுடர் கரைத்து வெளுப்பாக்குகிற இடம். வாரமெல்லாம் அந்த நெடியில் நின்றுவிட்டு, லீவு நாளில் என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு தெளுவு குடிக்கக் கிளம்பிவிடுவார். வெளியூர்க்காரர்கள் பதநீர் என்பதைத்தான் நாங்கள் தெளுவு என்போம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரே வாசலில் இரண்டு வீடு, இரண்டு வீட்டுக்கும் நான் ஒருத்திதான் பிள்ளை.

மாசி பிறந்தால் பெருமாநல்லூர்ப் பக்கத்துப் பனந்தோப்புகள். பனி விலகாத நேரத்தில் போய்ச் சேருவோம். மரத்தில் இருக்கிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், குரல் மட்டும் மேலேயிருந்து இறங்கி வரும். ஓலையை மடித்த பட்டையில் ஊற்றித் தருகிற அந்த மாதத்துத் தெளுவு தண்ணீர்போல உள்ளே போகும். குடித்து முடித்து, வாயைத் துடைத்து, சைக்கிளைப் பற்றி நினைக்க ஆரம்பித்த பிறகுதான் மெதுவாக இனிக்கும். சித்திரையில் அதே மரம் வேறு ஆளாகிவிடும். தெளுவு உதட்டில் ஒட்டும், வறுத்த கடலை வாசம் அடிக்கும். ஆனிக்குமேல் பனை ஓய்ந்துபோனால் வாய்க்காலோரத் தென்னந்தோப்புகள். ஆடிக் காற்றில் சைக்கிள் ஒருக்களித்துக்கொண்டே போகும். தலைக்கு மேலே தோப்பு முழுக்க ஒரே பக்கமாகப் படுத்து எழுந்திருக்கும். பாரில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தால் நாங்கள் தண்ணீருக்கடியில் போவதுபோல இருக்கும். அந்த மாதத் தெளுவில் ஈர மட்டை வாசம்.

எனக்கோ எதைப் பார்த்தாலும் பயம். மதுவிலக்கு இருந்த காலம் அது.

“ஏனுங் பெரீப்பா, இது கள்ளுங்களா?”

“கள்ளா இருந்தா உன்னையக் கூட்டியாருவனா கண்ணு? கலயத்துல சுண்ணாம்பு தடவியிருக்குது, புளிக்காது.”

“போலீசு வந்தா என்னங் பண்றது?”

“வந்தா அவருக்கும் ஒரு பட்டை ஊத்தச் சொல்லலாம்.”

போலீசைக்கூடச் சமாளித்துவிடலாம். பரீட்சையைத்தான் சமாளிக்க முடியாது. முதல் மடக்கு எனக்குத்தான். நான் குடித்ததும் பெரியப்பா யாருக்கும் தெரியாமல் குனிந்து காதைக் கொடுப்பார். “என்ன வாசம் சாமி?” நான் கிசுகிசுப்பேன். கருகின வெல்லம் மாதிரிங், பலாச்சுளை மாதிரிங், சுண்ணாம்பு கூடிப்போச்சுங், தொண்டையைச் சொரியுதுங். அப்புறம் அவர் ஒரு மடக்குக் குடிப்பார். கண்ணை மூடுவார். மரமேறுகிறவர் அரிவாளைக்கூட இடுப்பில் செருகாமல் காத்திருப்பார். “கருகின வெல்லம்” என்று பெரியப்பா சத்தமாகச் சொல்லும்போதுதான் எனக்கு மூச்சு வரும். என் விடை சரியா என்று அவர் குடித்துப் பார்த்துத் திருத்துகிறார் என்றே நான் நினைத்திருந்தேன். ஒரு வாரமும் அவர் என்னைத் தப்பு என்று சொன்னதில்லை என்பது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அடுத்த வாரத்தை நினைத்தால் பயமாகவும் இருந்தது. பின்னால் அஞ்சாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கே வாத்தியாரின் கேள்விகள்தான் பாதிக் காரணம்.

பெரியப்பாவின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. திங்கட்கிழமை பட்டறைக்கு எதிரே டீக்கடையில், “இந்த வாரம் எந்தத் தோப்புங்க?” என்று கேட்பார்கள். அவர் சொன்ன தோப்புக்கு மறு வாரம் சைக்கிள்கள் வரிசை கட்டும். “உங்க பெரியப்பா மூக்கு இருக்குதே பாப்பா, அதைய அடமானம் வெச்சா ஒரு தோட்டமே வாங்கலாம்” என்று மரமேறுகிறவர் ஒருத்தர் சொல்லிச் சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

கார்த்திகை மழையில் எனக்குச் சளி பிடித்தது. அந்த வாரம் போனது ஒரு புதுத் தோப்பு. குத்தகைக்கு எடுத்து முதல் முறையாக மரமேறுகிறவர், இளம் ஆள். பெரியப்பா வருகிறார் என்று தெரிந்து வேட்டியைத் துவைத்துக் கட்டியிருந்தார். அவர் மனைவி கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தென்னை மறைவில் நின்று பார்த்தாள்.

நான் குடித்தேன். இனித்தது. அவ்வளவுதான். திரும்பவும் குடித்தேன். மூக்கு களிமண் வைத்து அடைத்த மாதிரி இருந்தது.

“என்ன வாசம் சாமி?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஒண்ணுமே தெரியலீங் பெரீப்பா.”

பெரியப்பா பட்டையை வாங்கிக் குடித்தார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிட நெடுநேரம் மூடியிருந்தார். ஓலையிலிருந்து மழைத்துளி சொட்டுகிற சத்தம் கேட்டது.

“நல்லாருக்குதுங்க” என்றார்.

கருகின வெல்லம் என்றும் பலாச்சுளை என்றும் சொல்கிற வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லைக் கேட்டு, அந்த இளம் ஆளின் முகம் சுருங்கிப்போனது. “கொற ஏதாவது இருந்தாச் சொல்லிப்போடுங்க, திருத்திக்கிறனுங்க” என்று பின்னாலேயே வந்தார். பெரியப்பா சைக்கிளை மிதித்தார்.

பாதி வழியில் நான் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தேன். “அழுகாத கண்ணு” என்றார் அவர், என் உச்சந்தலைக்கு மேலேயிருந்து. “எனக்கும் அப்படித்தான். வாசமே தெரியறதில்ல.”

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அவருக்கும் சளி.

வீட்டுக்குப் போனதும் பெரியம்மா எனக்கு மிளகுக் கஷாயம் போட உட்கார்ந்தாள். “பெரீப்பாவுக்கும் சேத்து வெச்சுருங் பெரீம்மா” என்றேன். “அவருக்கும் வாசமே தெரியறதில்லியாமாங். தோப்புல நாங் காதுல சொல்றதையேதான் அவரும் சத்தமாச் சொல்லுவாருங்.”

பெரியம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். பெரியப்பா சைக்கிளிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, எப்ப இருந்துங்க?”

அவர் நிமிரவில்லை. “போன வருச மழைக்கு முன்னாலயே. பட்டறை நெடிதான்.”

“அப்ப ஆவணில பருப்பு அடிப்பிடிச்சு ஊடு பூரா நாறுச்சே? ஒரு வார்த்தை பேசாம தின்னுட்டு எந்திரிச்சீங்களே? எம் மனசு நோவக் கூடாதுன்னு தின்னீங்கன்னல்ல நா இருந்தேன்! அக்கம்பக்கமெல்லாஞ் சொல்லி வெச்சனுங்களே!”

பெரியப்பா சேற்றுக் கையோடு அவளைப் பார்த்தார். “அதுவுந்தான் புள்ள” என்றார். “உம் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுபோச்சு, கருகிருச்சுன்னு.”

பெரியம்மா கையிலிருந்த கரித்துணியை அவர்மேல் வீசினாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடி, சுவரில் சாய்ந்து அழுதாள். பெரியப்பா பக்கத்தில் போய் நின்றார். தொட்டால் சேறாகும் என்று கையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

ஒரு சளிக்கு இத்தனை அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. கஷாயம் ரெண்டு பேருக்குப் பத்துமோ பத்தாதோ என்கிற கவலையில் நான் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.